ஐந்து நாள் பாலைவனப் பயணத்தில் எங்கே காரை நிறுத்தலாம்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஐந்து நாள். லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் கார் எடுத்து லாஸ் வேகஸில் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் ஒன்பது வயது மகளும் கூட வருகிறார்கள். டெத் வேலியின் பிரபலமான இடங்கள் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கின்றன. "இவை போக வித்தியாசமாக என்ன பார்க்கலாம், அதற்காக நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போவது சரிதானா" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சுலபம். விநோதமான இடங்களின் பெயர்களை யார் வேண்டுமானாலும் இருபது முப்பது என்று அடுக்கிவிடலாம். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாம் பாதிக்கான பதில் என்று நினைக்கிறேன். பெரியவர்களையும் குழந்தையையும் காரில் வைத்துக்கொண்டு எதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டலாம், எதை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம் என்பதுதான் அது.

நான் பதினாறு வருடம் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனங்களில் நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் வேலை பார்த்தவன். ஒரு கிணற்றில் நாடாவை இறக்கி அளந்துவிட்டு அடுத்த கிணற்றுக்கு அறுபது மைல் ஓட்ட வேண்டும். அந்த அறுபது மைல்களில் பார்த்தவைதான் கீழே சொல்லப்போகும் பெரும்பாலான இடங்கள். பலவற்றுக்குக் குடும்பத்தோடு திரும்பப் போயிருக்கிறேன். தண்ணீர், மண், சாலை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சிற்பம், ஓவியம் பற்றிச் சொல்வது ஒரு பார்வையாளனின் அபிப்பிராயம் மட்டுமே. இன்னொன்று, பாலைவனச் சாலைகள் ஒரே ஒரு மழையில் மாறிவிடும். அதனால் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் நாளன்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடங்களுக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தப் பாலைவனத்தில் நான் பார்த்த அதிசயங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒன்று பாதியில் கெட்டுப் போனதால் பிறந்தவை. ஒரு கால்வாய் உடைந்து ஏரியானது. பறக்காத பலூன் ஒரு மலைக்குக் காரணமானது. ஒரு டயர் பஞ்சரானதில் ஒரு நாடக அரங்கம் உயிர் பெற்றது. இந்தக் கதைகளெல்லாம் நின்று கேட்டால்தான் மனதில் இறங்கும். மணிக்கு ஓர் இடம் என்று போட்டால் எல்லா இடமும் வெறும் கார் நிறுத்துமிடமாகத்தான் நினைவில் நிற்கும். டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

முதல் நாளுக்கு பொரேகோ ஸ்பிரிங்ஸ் நல்ல தொடக்கம். ஆன்ஸா-பொரேகோ மாநிலப் பூங்காவுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். டெனிஸ் ஏவரி என்ற செல்வந்தர் அங்கே வாங்கி வைத்திருந்த வெற்று நிலத்தில், ரிக்கார்டோ பிரேசேடா என்ற சிற்பி 2008 முதல் உலோகத் தகட்டாலான மிருகங்களை நிறுத்தத் தொடங்கினார். இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த பழங்கால யானை, ஒட்டக வகைகளும் அவற்றில் உண்டு. உங்கள் மகளுக்குப் பிடிக்கப்போவது சுமார் 350 அடி நீளமுள்ள பாம்பு. அதன் தலை சாலைக்கு ஒரு பக்கம், வால் மறுபக்கம், நடுவில் தார்ச் சாலைக்கு அடியில் நீந்திப் போவது போல அமைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, வேலி இல்லை, கார் பக்கத்திலேயே போகலாம். இரவு அங்கேயே தங்க முடிந்தால் தங்குங்கள். தேவையில்லாத விளக்குகளைக் குறைத்து இரவு வானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர் அது. 2009-லேயே அதற்கான சர்வதேச அங்கீகாரமும் பெற்றது. வயதானவர்களை நடக்க வைக்காமல், மோட்டல் வாசலில் நாற்காலி போட்டே நட்சத்திரம் காட்டலாம்.

அங்கிருந்து கிழக்கே இறங்கினால் சால்டன் ஸீ. பெயரில் கடல் இருந்தாலும் அது ஏரிதான். பரப்பளவில் கலிஃபோர்னியாவிலேயே பெரியது. 1905-ல் கொலராடோ ஆற்றிலிருந்து பாசனத்துக்காக வெட்டிய வாய்க்கால் வெள்ளத்தில் உடைத்துக்கொண்டது. ஆறு முழுவதும் பள்ளத்துக்குள் திரும்பி, 1907-ல் அடைக்கும் வரை ஓடிக்கொண்டே இருந்தது. கடல்மட்டத்துக்கு 230 அடிக்கும் கீழே கிடக்கும் பள்ளம் என்பதால் தண்ணீர் வெளியேற வழியில்லை. வயல்களிலிருந்து வடியும் நீர் உள்ளே வருகிறது, வெயில் உறிஞ்சுகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. இன்று அதன் உப்பு கடல்நீரின் உப்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1950-களிலும் 60-களிலும் படகுப் போட்டி, உல்லாச விடுதி என்று கொண்டாட்டமாக இருந்த கரைகள் பின்னாளில் வெள்ளத்தாலும் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததாலும் வெறிச்சோடின. கிழக்குக் கரையில் பாம்பே பீச் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. கலைஞர்கள் 2016 முதல் அங்கே விழா நடத்தி, சிதைந்த வீடுகளையும் கரையையும் சிற்பங்களால் நிரப்பி வருகிறார்கள்.

அந்தக் கரையில் இறங்கியதும் மணல் என்று நினைத்துக் கால் வைப்பீர்கள். நறுக் நறுக்கென்று நொறுங்கும். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். அரிசி அளவுக்கு வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் பார்னக்கிள் என்ற சிறு உயிரியின் ஓடுகள். இடையிடையே மீன் முள், மீன் முதுகெலும்புத் துண்டு. கடற்கரைக்குரிய உயிரி பாலைவன ஏரிக்கு எப்படி வந்தது என்று மகள் கேட்டால், மனிதர்களோடு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். வாடை இருக்கும், அழுகிய முட்டை வாடை. 2012 செப்டம்பரில் ஒரு புயல் இந்த ஏரியைக் கலக்கிவிட, அந்த வாடை லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் போனது. குளிர்காலத்தில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஏரி சுருங்கச் சுருங்க வெளியே தெரியும் அடிமண் காற்றில் தூசியாகக் கிளம்புகிறது. பெரியவர்களில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், காற்றடிக்கும் நாளில் இந்தக் கரையைத் தவிர்ப்பதுதான் நல்லது.

ஏரியின் தென்கிழக்கே, நைலண்ட் ஊருக்குப் பக்கத்தில், என் தொழில் காரணமாக எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு விஷயம் இருக்கிறது: சேற்றுக் குமிழிகள். இரண்டு வயல் சாலைகள் சந்திக்கும் மூலையில், ஆள் உயரத்துக்கு மண் கூம்புகள் நிற்கும். உச்சியில் சாம்பல் நிறச் சேறு பாத்திரத்தில் களி கொதிப்பது போல 'பொளக் பொளக்' என்று வெடிக்கும். கரியமில வாயு அடியிலிருந்து தள்ளுவதால்தான் சேறு துள்ளுகிறது. சில இடங்களில் சேறு சுடும், விளிம்பு உறுதியாகவும் இருக்காது. அதனால் தள்ளி நின்று பார்க்க வேண்டிய இடம் இது. இதே வாயு தள்ளிய ஓர் ஊற்று 2016-ல் தன் இடத்தை விட்டு மெதுவாக நகரத் தொடங்கியது. ரயில் பாதையை நோக்கியே நகர்ந்தது. பாறைகளைக் கொட்டியும் எஃகுச் சுவர் இறக்கியும் நிற்காமல் போக, ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டார்கள். நெடுஞ்சாலைக்கும் மாற்றுப் பாதை போட வேண்டியதாயிற்று. நிலம் அசையாது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பொய்யாக்கும் இடம் பூமியில் அதிகம் இல்லை.

நைலண்டிலிருந்து சில மைல் தூரத்தில் சால்வேஷன் மவுண்டன். லெனர்ட் நைட் என்பவர் கடவுளின் அன்பைப் பற்றி எழுதிய ஒரு பெரிய வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட வருடக்கணக்கில் முயன்றார். துணி இற்றுப்போய் அது பறக்கவே இல்லை. 1984-ல் இங்கே வந்தவர், கிளம்புவதற்கு முன் சின்னதாக ஒரு நினைவுச் சின்னம் செய்து வைப்போம் என்று கொஞ்சம் சிமெண்டோடு தொடங்கினார். கிளம்பவில்லை. 1989-ல் அவர் கட்டிய மேடு முழுக்கச் சரிந்தது. சிமெண்டில் மணல் அதிகம் கலந்ததுதான் காரணம் என்று புரிந்துகொண்டு, வைக்கோலும் களிமண்ணும் குழைத்து மறுபடி ஆரம்பித்தார். இப்போது நிற்பது அந்த இரண்டாவது மலை. ஊர் ஊராக ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்த பெயின்ட் பூச்சின் மேல் பூச்சாக ஏறியிருக்கிறது. உச்சியில் சிலுவை, நடுவில் சிவப்பு இதயம், 'கடவுள் அன்பே உருவானவர்' என்ற வாசகம். அவர் 2014-ல் காலமானார்; தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த பாதையைத் தவிர வேறெங்கும் கால் வைக்க வேண்டாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே இருப்பது வெறும் களிமண். ஒரு மிதிக்கு ஒரு விரிசல் விழும். அதை அடுத்துள்ள ஸ்லாப் சிட்டி, பழைய ராணுவ முகாமின் கான்கிரீட் தளங்களில் மின் இணைப்பும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் மக்கள் குடியிருக்கும் இடம். அது அவர்களுடைய வீடு. வேடிக்கை பார்க்கக் காரில் வலம் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய பொருட்களால் ஆன கலைக்கூடமான ஈஸ்ட் ஜீஸஸ் மட்டும் பார்வையாளர்களை வரவேற்கிறது, அங்கே போகலாம்.

அடுத்து ஜோஷுவா ட்ரீ. தேசியப் பூங்கா உங்கள் பட்டியலிலேயே இருக்கும். அதே பெயருள்ள ஊருக்கு வடக்கே மண் சாலையில் நோவா ப்யூரிஃபாய் என்ற கலைஞரின் திறந்தவெளி அருங்காட்சியகம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் இனப் பாகுபாட்டுக்கு எதிராக வெடித்த கலவரத்தில் எரிந்துபோன பொருட்களைப் பொறுக்கிச் சிற்பமாக்கியவர் அவர். எழுபது வயதைக் கடந்தபின், 1989-ல், இந்தப் பாலைவனத்துக்குக் குடிவந்து, 2004-ல் இறக்கும் வரை பத்து ஏக்கரில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். பழைய டயர், கம்ப்யூட்டர் திரை, கட்டில், கழிப்பறைப் பீங்கான், சைக்கிள் என்று தூக்கி எறியப்பட்ட எல்லாமே அங்கே வேறொன்றாக நிற்கின்றன. ஒரு படைப்பின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு பலகை; ஒன்றில் 'வெள்ளையர்', இன்னொன்றில் 'நிறத்தவர்'. முதலாவதன் கீழே குடிநீர்க் குழாய். இரண்டாவதன் கீழே கழிப்பறைக் கோப்பை. விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் தனித்தனி டம்ளர் வைத்த டீக்கடையை அறிந்தவர்களுக்கு அது இன்னும் சுருக்கென்று தைக்கும். வெயிலிலும் காற்றிலும் அந்தப் படைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன. அதுவும் வேலையின் ஒரு பகுதிதான் என்றே அவர் நினைத்தார். அனுமதி இலவசம், தரை சமதளம், பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம்.

அங்கிருந்து சற்று தூரத்தில், லேண்டர்ஸில், இன்டக்ரட்ரான் என்ற வெள்ளைக் குவிமாடம் இருக்கிறது. விமானத் துறையில் வேலை பார்த்த ஜார்ஜ் வான் டாஸல், வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததாகக் கூறிக் கட்டியது. உடம்பை இளமையாக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முழுக்க மரத்தாலான அந்தக் கூடத்துக்குள் ஒலி சுழன்று திரும்பும் விதம் மட்டும் உண்மை, காதால் கேட்கலாம். இப்போது படிகக் கிண்ணங்களை இசைத்து, படுத்துக்கொண்டு கேட்கும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். முன்பதிவு அவசியம். குழந்தையோடு போகிறவர்கள் வயது வரம்பை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் வடக்கே ஏறும்போது ஆம்பாய் வழியாகப் போங்கள். பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருந்த ஊர். 1973-ல் புதிய விரைவுச் சாலை ஊரை விட்டு விலகி அமைக்கப்பட்டதும் ஒரே நாளில் வண்டிகள் நின்றுபோயின. 1959-ல் நட்ட ராய்ஸ் மோட்டலின் ராட்சதப் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் கருப்பாக ஓர் எரிமலைக் கூம்பு. படம் எடுக்க அரை மணி நேரம் போதும். பழைய சாலையின் மரப் பாலங்கள் வெள்ளத்தில் அடிக்கடி சேதமாவதால் சில பகுதிகள் வருடக்கணக்கில் மூடிக் கிடப்பதுண்டு. கூகுள் மேப் காட்டுகிறது என்பதற்காக மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

நேரத்தைக் கெல்ஸோ மணல் குன்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 650 அடி உயரம். மொஹாவி ஆறு கொண்டுவந்து போட்ட மணலைக் காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாரி வந்து குவித்த இடம். செங்குத்தான சரிவில் உட்கார்ந்து சறுக்கினால் குன்று பேசும். விமானம் தூரத்தில் போவது போல ஒரு தாழ்ந்த முழக்கம் முதலில் காதில் விழும். பிறகு உட்கார்ந்திருக்கும் இடுப்பெலும்பில் அதிரும். ஒரே அளவிலான உலர்ந்த மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சரியும்போது எழும் ஒலி அது என்பதில் சந்தேகமில்லை. அது ஏன் ஒரே சுருதியில் எழுகிறது என்பதற்கு, மணிகளின் அளவுதான் காரணம் என்று ஒரு சாராரும், மேலே இருக்கும் உலர்ந்த அடுக்கின் தடிமன்தான் காரணம் என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகாவிட்டால் ஒலி வராது. உச்சி வரை ஏறுவது பெரியவர்களுக்கு முடியாத காரியம். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே இழுக்கும். ஒருவர் கீழே துணையிருக்க, இன்னொருவர் மகளை அழைத்துப் போகலாம். போக வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

பேக்கர் ஊரில் 134 அடி உயர வெப்பமானிக் கம்பம் நிற்கும்; பெட்ரோல் போடும் நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். 1913 ஜூலை 10-ஆம் தேதி டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். அந்தப் பழைய அளவீட்டையே சந்தேகிக்கும் வானிலையாளர்களும் உண்டு. ஆனால் அதிகாரபூர்வ உலகச் சாதனை இன்றுவரை அதுதான்.

இனி, எதை விட்டாலும் இதை விட வேண்டாம் என்று நான் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். டெத் வேலி ஜங்ஷன். போராக்ஸ் என்ற உப்புக் கனிமத்தை எடுத்த கம்பெனி 1920-களில் கட்டிய குடியிருப்பு, பிறகு கைவிடப்பட்டது. 1967-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மார்த்தா பெக்கட் என்ற நடனக் கலைஞரும் அவர் கணவரும் இந்தப் பக்கம் வந்தபோது வண்டியின் டயர் பஞ்சரானது. டயர் சரியாகும் வரை காத்திருந்த நேரத்தில் மார்த்தா சும்மா நடந்து போய், பூட்டிக் கிடந்த ஒரு கூடத்தின் கதவு ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சின்ன மேடை, கிழிந்த திரை, தரையெல்லாம் மண். மாதம் 45 டாலர் வாடகைக்கு அதை எடுத்து, அமர்கோஸா ஆபரா ஹவுஸ் என்று பெயர் வைத்து, 1968 பிப்ரவரியில் ஆடத் தொடங்கினார். அந்த வனாந்தரத்தில் யார் வருவார்கள்? சில இரவுகளில் ஒருவர்கூட வரவில்லை. அதனால் சுவர்களில் தானே ரசிகர்களை வரைந்துகொண்டார். ஏறக்குறைய நாலு வருட வேலை. மாடத்தில் ராஜாவும் ராணியும், சுற்றிலும் துறவிகள், கன்னியாஸ்திரீகள், சீமாட்டிகள் என்று அரங்கம் நிறைந்த கூட்டம். அதன்பின் மேற்கூரைக்கு ஏறினார். 2012 வரை அங்கே மேடையேறினார். 2017 ஜனவரியில் 92 வயதில் காலமானார்.

நான் முதல்முறை உள்ளே போனபோது ஓவியங்கள் கொஞ்சம் வெகுளியாகத்தான் தெரிந்தன. பின்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு மேடையருகே போய்த் திரும்பி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மூன்று சுவரும் உங்களையே பார்க்கின்றன. நாற்பது வருடத்துக்கும் மேலாக அவர் பார்த்த காட்சி அது. கணவர் பிரிந்து போன பிறகும், வெளியே காற்று ஊளையிடும் இரவுகளிலும், சொன்ன நேரத்துக்குத் திரை உயர்ந்தது. உங்கள் அம்மாவுக்குப் பாட்டிலோ நாட்டியத்திலோ ஈடுபாடு இருந்தால் இந்த ஒரு கூடத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். உள்ளே பார்க்க வழிகாட்டி அழைத்துப் போகும் நேரம் நாளுக்கு நாள் மாறும். முந்தின நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து அரை மணி நேரத்தில், நெவாடா எல்லைக்குள், ஆஷ் மெடோஸ் என்ற சரணாலயத்தை ஒட்டி டெவில்ஸ் ஹோல். மேலோட்டமாகப் பார்த்தால் பாறைப் பிளவின் அடியில் தெரியும் ஒரு சின்னக் குளம். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தது என்று வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் குளத்துக்கு அடி எது என்று இன்னும் யாரும் தொட்டதில்லை. 400 அடிக்கும் கீழே இறங்கியும் தரை தெரியவில்லை. தண்ணீர் வருடம் முழுக்க 33 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஓர் அங்குல நீளம்கூட இல்லாத நீல நிற மீன் ஒன்று, உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது, வாசலை ஒட்டி ஆழமில்லாமல் கிடக்கும் ஒரே ஒரு பாறைத் திட்டில் மேய்ந்து முட்டையிட்டு வாழ்கிறது. 2013-ல் எண்ணியபோது 35 மட்டுமே மிச்சம். பக்கத்துப் பண்ணை ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்ததில் குளத்தின் மட்டம் இறங்கி அந்தத் திட்டு வெளியே தெரியத் தொடங்கியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மீனுக்குத் தேவையான அளவுக்கு மட்டம் நிற்க வேண்டும் என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வேதவாக்கு மாதிரி. ஒரு கிணற்றில் இறைத்தால் மைல் தள்ளியிருக்கும் இன்னொரு நீர்நிலை இறங்கும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு.

இன்னொரு விநோதமும் உண்டு. 2022 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோவின் மேற்கில் பெரிய நிலநடுக்கம். ஏறக்குறைய 22 நிமிடம் கழித்து, 1,500 மைல் தள்ளி, பாலைவனத்துப் பாறைக்குள் இருக்கும் இந்தக் குளத்தில் நாலடி உயரத்துக்கு அலை எழும்பியது. கேமராவில் பதிவாகியிருக்கிறது. வேலியோரம் நிற்கும்போது இதை மகளுக்குச் சொல்லுங்கள், அந்தச் சின்னக் குளத்தை அவள் வேறு கண்ணால் பார்ப்பாள். பக்கத்தில் கிரிஸ்டல் ஸ்பிரிங் என்ற ஊற்றுக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். பெரியவர்களும் சிரமமில்லாமல் நடந்து போய்ப் பளிங்கு மாதிரியான தண்ணீரைப் பார்க்கலாம்.

கடைசி நாள் ரயலைட். 1904-ல் தங்கம் கிடைத்து, மூன்று நாலு வருடத்தில் மூன்று மாடி வங்கியும் ரயில் நிலையமுமாக எழும்பிய ஊர். 1916-ல் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்த வங்கியின் சுவர்கள் மட்டும் பல்வரிசை போல நிற்கின்றன. மரத்துக்குத் தட்டுப்பாடு, காலி பீர் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை என்ற நிலையில் 1906-ல் சுமார் 50,000 பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடும் இருக்கிறது. ஊர் நுழைவாயிலில் கோல்ட்வெல் என்ற திறந்தவெளிக் கலைக்கூடம். பெல்ஜியக் கலைஞர் ஆல்பர்ட் ஷுகால்ஸ்கி 1984-ல் அந்தப் பகுதி மக்களையே நிற்க வைத்து, அவர்கள் மேல் பிளாஸ்டரில் தோய்த்த கோணித்துணியைப் போர்த்தி, காய்ந்ததும் ஆளை வெளியே எடுத்துவிட்டு உருவாக்கிய 'கடைசி இராப்போஜனம்' அங்கே இருக்கிறது. பதின்மூன்று வெள்ளை உருவங்கள், உள்ளே யாருமில்லை. சாயங்கால வெளிச்சத்தில் போங்கள். அங்கிருந்து வேகஸ் இரண்டு மணி நேரம்.

நகரும் கற்களைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரியில் கற்கள் தாமாக நகர்ந்து கோடு போடுவது உண்மை. சில கற்கள் 300 கிலோவரை இருக்கும். காந்தம், வேற்றுக்கிரகவாசி என்ற கதையெல்லாம் முடிந்துபோயிற்று. 2013 டிசம்பரில் கற்களில் ஜிபிஎஸ் பொருத்திக் காத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். மழைநீர் சில அங்குலம் தேங்கி, இரவில் கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிய பனிக்கட்டியாகிறது. காலை வெயிலில் அது உடைந்து மிதக்க, இலேசான காற்றே பனித்தகட்டைத் தள்ள, தகடு கல்லைத் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் சில மீட்டர்தான் வேகம். அருமையான இடம். ஆனாலும் இந்தப் பயணத்தில் அங்கே போகாதீர்கள்.

காரணம் சாலை. 27 மைல், முழுக்கச் சரளை, வரப்பு வரப்பாக உலுக்கும், கத்தி மாதிரிக் கற்கள். வேலைக்குக் கொடுத்த உயரமான நாலு சக்கர இழுவை வண்டியிலேயே எனக்கு இருபதாவது மைலில் பின் டயர் கிழிந்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று பாதிதான். கிளம்பும்போது சோதிக்காதது என் தப்பு. போன் சிக்னல் கிடையாது. ஜாக்கியின் அடியில் கல் வைத்து, அது சரிந்து, மறுபடி வைத்து, மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. டிசம்பர் இரவு, கை மரத்துப் போய் நட்டைத் திருக முடியவில்லை. எதிரே வந்த ஒரு தம்பதி காற்றடிக்கும் பம்ப் கொடுத்திருக்காவிட்டால் விடியும் வரை அங்கேதான். நான் தனியாக இருந்தேன், சமாளித்தேன். உங்கள் அப்பா அம்மாவை அந்த நிலையில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வாடகைக் கார் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் மண் சாலையை அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன சின்னச் சின்ன மண் சாலைகளுக்கும் உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். ரேஸ்ட்ராக்குக்குப் போகும் வழி தொடங்குகிற இடத்தில் உபஹீபி என்ற எரிமலைப் பள்ளம் இருக்கிறது. அதுவரை தார்ச் சாலை உண்டு. அரை மைல் அகலம், 600 அடி ஆழம். அதன் விளிம்போடு திருப்தியடையலாம்.

வண்டியில் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், குளிர்காலமானாலும். கெல்ஸோ குன்றுகள் இருக்கும் மொஹாவி சரணாலயத்துக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். கழிப்பறை கண்ட இடத்தில் எல்லாரும் போய்விட்டு வருவது நல்லது. அடுத்தது அறுபது மைல் தள்ளியிருக்கலாம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். காரைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம், ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். சாலையின் மேல் வெள்ளம் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், கடக்காதீர்கள்.

மழை வந்து ஒரு நாள் பறிபோனால் ஆம்பாயையும் ரயலைட்டையும் விடுங்கள். இரண்டு நாள் போனால் பொரேகோவையும் சால்டன் ஸீயையும் விட்டுவிட்டு நேராக ஜோஷுவா ட்ரீயில் தொடங்குங்கள். டெத் வேலி ஜங்ஷனையும் டெவில்ஸ் ஹோலையும் மட்டும் ஒரே நாளில் வைத்துக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அரங்கத்தை முற்பகலிலும், குளத்தை உச்சி வெயிலிலும் பாருங்கள். பாறைப் பிளவுக்குள் சூரியன் இறங்கும் நேரம் குளிர்காலத்தில் கொஞ்சம்தான். எல்லாருக்கும் கம்பளிச் சட்டை கையிலேயே இருக்கட்டும். மகளுக்கு ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். வேலியிலிருந்து அந்த மீனை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.